புல் மேயும் நெருப்பு

மலைப்பூண்டு அறுவடை முடிந்து, வீட்டுக்கு வீடு பூண்டுக்கட்டுகளை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டிருந்த மாசி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் பஸ் வருகிற அதே ரோட்டில், பஸ்ஸுக்குச் சற்று முன்னால், மந்தனூருக்குள் ஒரு நெருப்பு நடந்து வந்தது. கன்றுக்குட்டி உயரம் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்ததும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது, பஸ் போன பிறகு மறுபடி ரோட்டுக்கு ஏறி, டீக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டே மேலத் தெருவுக்குள் போனது. போன வழியில் சாம்பலும் இல்லை, கருகலும் இல்லை. பொம்மையன் வீட்டு வைக்கோல் போரை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது, விறகுக் கட்டைத் தொடவில்லை, கொடியில் காய்ந்த சேலைகளுக்கு அடியில் குனிந்து போனது. கடைசியில் தெருக்கோடியில் கோசலை வீட்டு வாசலில், மலைச்சரிவிலிருந்து பெயர்த்து வந்த புல்தூர்களைச் சாக்குச் சாக்காக அடுக்கியிருந்த இடத்தில், முன்னங்கால்களை மடக்குவதுபோல ஒடுங்கிப் படுத்துக்கொண்டது.

கோசலை அப்போது அந்தத் தூர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தூரை மூன்றாகவோ நான்காகவோ கிழித்து, வேரில் மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது அவள் வேலை. ஊருக்கு மேலே இருக்கிற நரிமேட்டில் சீகை மரங்களை வெட்டி எடுத்த இடத்தில் மறுபடி புல் வளர்க்க எஸ்தர் என்கிற தாவரவியல் படித்த பெண் ஆரம்பித்த வேலையில், கோசலைதான் பெண்களுக்கு மேஸ்திரி. அவள் நெருப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

"தள்ளிப் படு, சாக்கு கருகிரும்" என்றாள்.

நெருப்பு தள்ளிப் படுத்தது.

அது எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அந்த மலை முழுவதும் புல்லாக இருந்தது. மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு, மற்றபடி வானம் தொடுகிற வரைக்கும் புல், புல்லுக்கு அப்பாலும் புல். மாசியில் புல் காய்ந்து செம்பட்டையாகும்போது நெருப்பு ஒரு மந்தையைப்போல மேட்டுக்கு மேடு மேய்ந்துகொண்டு போகும், சோலையின் ஈர ஓரம் வந்ததும் நின்றுவிடும், மழை விழுந்ததும் கரியின் கீழே பத்திரமாக இருந்த வேர்களிலிருந்து புல் திரும்ப வரும். பிறகு அரசாங்கத்துக்குப் புல் வெறும் தரிசாகத் தெரிந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரத்தை நட்டார்கள், இடையிடையே பைனும் நட்டார்கள், நெருப்பு வைப்பது குற்றம் என்று பலகை அடித்தார்கள். தோல் பதனிட மருந்துகள் வந்தபின் பட்டை கேட்டு ஒருவரும் வரவில்லை, ஆனால் சீகை நிற்காமல் சரிவு சரிவாக இறங்கி வந்து, புல்லை மூடி, ஊற்றுகளை உறிஞ்சி, ஊருக்குத் தண்ணீர் கொடுத்த நரிமேட்டு ஓடையைக் கல்லும் சருகுமாக ஆக்கிவிட்டது. மேய இடமில்லாமல் போன நெருப்பு எத்தனை நாள்தான் மலையில் சுற்றும், ஊருக்குள் வராமல் என்ன செய்யும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டு டீயைக் குடித்தார்கள்.

கோசலையின் புருஷன் சன்னாசி மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வனத்துறையில் தீக்காவலன். கோடை முழுக்கப் பச்சைக்கிளைகளை வைத்து நெருப்பை அடித்து அணைக்கிற வேலை. அவனுடைய தம்பி சிவனாண்டியும் அதே வேலையில்தான் இருந்தான். சில வருஷங்களுக்கு முன்னால் பைன் சரிவில் பிடித்த தீ, தரையில் ஓடாமல் மரத்தலைகளில் தாவித் தாவி ஓடி, இரண்டு பேருக்கும் நடுவில் இறங்கியது. சன்னாசி இந்தப் பக்கம் இருந்தான். சிவனாண்டி அந்தப் பக்கம் இருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்தியானம் வீடு வந்த சன்னாசி வாசலில் நின்றுவிட்டான்.

"இது எப்ப வந்துச்சு?"

"காலையில. பஸ்ஸுக்கு முன்னாடி."

"வெரட்ட வேண்டியதுதான?"

"எங்கிட்டு வெரட்டச் சொல்றீங்க?" என்றாள் கோசலை. "மேல இருந்துதான வந்துருக்கு."

அவன் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினான். நெருப்பு உஸ்ஸென்று எழுந்து, நனைந்த நாய்போல உடம்பை உதறிவிட்டு, வாசலின் மறுபக்கம் போய்ப் படுத்தது. அவன் இன்னொரு குடம் எடுத்தான். தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் கோசலை குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் குடத்தைப் பிடித்தபடியே நின்றார்கள். பிறகு அவன் விட்டுவிட்டான்.

ஊர் தன் வழக்கப்படி நெருப்பைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. சாரல் நாட்களில் பெண்கள் ஈரத்துணியை அதன் பக்கத்தில் உலர்த்தினார்கள். மூட்டுவலிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். புகை வருமென்று நினைத்துப் பச்சைப் பூண்டைக் கொண்டுவந்து தொங்கவிட்டுப் பார்த்தவர்கள், அது புகையே விடாத நெருப்பு என்று தெரிந்து ஏமாந்து திருப்பி எடுத்துப் போனார்கள். பூசாரி ஒருநாள் குங்குமம் தூவினார், மறுநாள் அது அம்மன் சம்பந்தப்பட்டதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ரோட்டு வளைவில் தங்கும் விடுதி நடத்துகிறவர் வந்து, கூடாரத்து விருந்தாளிகளுக்கு நடுவில் உட்கார வைக்கிறேன், கொடுங்கள் என்று கேட்டார். நெருப்பு அவர் பின்னால் பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது. கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. பால் கறக்க வருகிறவன் அதற்கு ஒரு பெயர் வைக்கப் பார்த்தான், பெயர் ஒட்டவில்லை; "அது" என்றே எல்லோரும் சொன்னார்கள், "அது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்கள்.

ரேஞ்சர் தேவசகாயம் ஜீப்பில் வந்தார். நல்ல மனுஷன், ஓய்வு பெற அதிக காலம் இல்லாதவர். நெருப்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

"காட்டுக்குள்ள இருந்தா கேஸ் போடணும், சன்னாசி. இது ஊருக்குள்ள இருக்கு. ஊருக்குள்ள நெருப்பு இருக்கக்கூடாதுன்னு எங்கயும் சொல்லல."

"சார், இத அணைக்கச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா ஊர் கேக்கும்."

ரேஞ்சர் கையை நெருப்பிடம் நீட்டிப் பார்த்தார். இதமாக இருந்தது. "யாரையும் ஒண்ணும் பண்ணலயேப்பா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

உண்மையில் அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் அதற்கு மலைப்புல் மட்டும்தான் உணவு. வைக்கோல் போட்டார்கள், மாட்டுத் தீவனப்புல் போட்டார்கள், சீகைச் சருகைக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வேலை முடிந்து வரும்போது நாற்றுக்கு ஆகாத புல்தாள்களைக் கோசலை ஒரு கைப்பிடி கொண்டுவந்து போடுவாள், அதை மட்டும் மெதுவாக, ஒவ்வொரு தாளாக, நுனியிலிருந்து அடிவரைக்கும் தின்னும். வீட்டுக்குப் பின்னால் நாற்றங்காலில் பச்சைத்தூர்கள் வரிசை வரிசையாக இருந்தன. வேலியோரம் நின்று எட்டிப் பார்க்குமே தவிர ஒருநாளும் உள்ளே நுழைந்ததில்லை. கைப்பிடிப் புல் ஒரு கன்றுக்கு எப்படிப் போதும்? கோடை முடியும்போது அது ஆட்டின் உயரத்துக்கு வந்துவிட்டது. மழை முடியும்போது கோழி அளவுக்கு ஆகிவிட்டது.

"அது பசியில சாகுது" என்றாள் கோசலை ஒரு சாயங்காலம்.

"சாகட்டும்."

"சிவனாண்டிய எடுத்தது இது இல்லங்க. அது பைன் மரத்துத் தீ. இது புல்லுத் தீ. இது முழங்காலுக்கு மேல எந்திரிக்காது."

சன்னாசி அந்தத் தீயில் பட்ட கைத்தழும்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "அவன் கூப்புட்டான்" என்றான் கடைசியில். "அண்ணேன்னு ஒரு தடவதான் கூப்புட்டான். நான் கெளைய வச்சு அடிச்சுக்கிட்டே இருந்தேன். எதுக்கு அடிக்கிறோம்னே தெரியல, அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

வாசலில் கிடந்த நெருப்பு தலையைத் தூக்கி அவர்கள் பக்கம் பார்த்தது, அல்லது அப்படித் தோன்றியது.

அந்த வருஷம் ஊரில் யாரும் கூட்டம் போட்டு முடிவு எடுக்கவில்லை, ஆனால் நரிமேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகமானார்கள். எஸ்தர் கேட்காமலே வந்தார்கள். வெட்டிய சீகையின் அடிக்கட்டையில் பட்டையை மண்ணுக்குக் கீழே வரை உரிக்க வேண்டும், ஒரு விரல் பட்டை மிஞ்சினாலும் மறுபடி தளிர்த்துவிடும், உரித்தார்கள். குருத்துச் செடிகளை மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும், வெயிலில் பிடுங்கினால் வேர் அறுந்து உள்ளேயே தங்கும், பிடுங்கினார்கள். வெட்டிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரப்புபோல அடுக்கி மண்ணை நிறுத்தினார்கள். புல்தூர்களைச் சாண் இடைவெளியில் நட்டார்கள். சோலையின் ஓரத்தில் மட்டும் குறிஞ்சிச் செடியும் நாவல் வகை மரக்கன்றுகளும் வைத்தார்கள், வெட்டவெளியில் ஒரு மரமும் வைக்கவில்லை. மரம் வைக்காமலிருப்பதும் வேலைதான் என்று எஸ்தர் சொன்னது முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. மாடுகளை மேட்டுப்பக்கம் விடவில்லை. பூண்டுக் காட்டில் வேலை கிடக்கக் கிடக்க மலைக்குப் போகிறீர்களே என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டபோது, "வீட்ல ஒண்ணு பசியோட கெடக்கு" என்று பதில் சொன்னார்கள்.

நடுவதற்குத் தூர் போதவில்லை. பழைய புல், சீகை ஏற முடியாத செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில்தான் மிஞ்சியிருந்தது. அங்கே இறங்கப் பழகிய கால் ஊரில் ஒருவனுக்குத்தான் இருந்தது. ஒருநாள் காலை சன்னாசி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சாயங்காலம் அவன் முதுகிலிருந்து ஒரு சாக்குத் தூர் இறங்கியது. மறுநாளும் போனான். சாக்கை அவிழ்க்கும்போது கீழே உதிர்ந்த தாள்களை அவனே பொறுக்கி வாசலில் போட்டதைக் கோசலை சமையல்கட்டிலிருந்து பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது நரிமேட்டின் தென்சரிவு முழுவதும் புல் நின்றது. காற்றடித்தால் ஒரு பக்கம் சாய்ந்து வெள்ளையாகும், மறுபக்கம் திரும்பி ஊதாவாகும். ஓடையின் தலைப்பில், சருகை விலக்கினால், கல்லுக்கு அடியில் ஈரம் இருந்தது. ஒரு மாதத்தில் அது கசிவானது, பிறகு விரல் தடிமனுக்கு ஓடியது. பெண்கள் அதில் குடம் வைத்து நிரப்பிக்கொண்டு வந்து, லாரித் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, அந்தத் தண்ணீரில் சோறாக்கினார்கள். பொம்மையன் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டார்.

வாசலில் கிடந்த நெருப்பு இப்போது ஒரு அகல்விளக்குச் சுடர் அளவுக்குத்தான் இருந்தது. கோசலை காற்றுக்கு மறைவாக ஒரு கூரை ஓட்டை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். வருகிற மாசியில் அதை நரிமேட்டில் விடுவது என்று ஊரில் எல்லோர் மனதிலும் இருந்தது.

மாசி பிறந்ததும் எஸ்தர் அதைக் கேள்விப்பட்டு டவுனிலிருந்து ஓடிவந்தாள்.

"அக்கா, இந்த வருஷம் வேண்டாம். தயவுசெஞ்சு கேளுங்க. சீகை மரத்தத்தான் எடுத்திருக்கோம், விதைய எடுக்கல. எத்தனையோ வருஷத்து விதை மண்ணுக்குள்ள தூங்குது. தோல் கெட்டி, தண்ணி உள்ள போகாது, அதனாலதான் முளைக்காம கெடக்கு. சூடு பட்டா அந்தத் தோல் வெடிச்சிரும். ஒரே நேரத்துல எல்லாம் முளைக்கும்."

"எப்ப விடலாம்?"

"வருஷா வருஷம் முளைக்கிறதப் பிடுங்கிட்டே வந்து, விதை தீரணும். நாப்பது வருஷம், அம்பது வருஷம்கூட ஆகலாம்."

கோசலை ஓட்டுக்குப் பின்னால் இருந்த சுடரைப் பார்த்தாள். "நாப்பது நாள் தாங்காது மேடம், இது."

எஸ்தர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் அதை அதுவரைக்கும் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. நாற்றங்காலுக்குப் போய் ஒரு புல்தாளைக் கிள்ளி வந்து நீட்டினாள். அது நுனியைப் பிடித்தது, பாதி வரைக்கும் வந்தது, அதற்குமேல் தின்னத் தெம்பில்லாமல் நின்றது. எஸ்தர் அழுதாள். "ஆனாலும் வேண்டாம்க்கா" என்றாள். "நான் சொல்ல வேண்டியது அதுதான்."

கோசலை அன்று முழுக்க யோசித்தாள். எஸ்தர் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் வாசலில் ஒரு உயிர் கண்ணெதிரே சுருங்கிக்கொண்டிருக்கும்போது, அதற்கான இரை மலை முழுக்க நின்று அசைகிறபோது, நாற்பது வருஷம் பொறு என்று அதனிடம் எந்த வாயால் சொல்வது? மறுநாள் விடிந்ததும் அவள் ஓட்டை எடுத்து அதன் முன்னால் தட்டையாக வைத்தாள். சுடர் அதன்மேல் ஏறிக்கொண்டது. அவள் எழுவதற்குள் சன்னாசி குனிந்து ஓட்டைக் கையில் எடுத்திருந்தான்.

"நான் எடுத்துட்டு வாறேன்" என்றான்.

ஊர் பின்னால் நடந்தது. சோலையின் ஓரமாகவும், மேட்டுக்கு அந்தப் பக்கம் சீகைக்காட்டின் ஓரமாகவும், சன்னாசி முந்தின வாரமே புல்லைச் செதுக்கித் தீ தாண்டாத கோடு எடுத்து வைத்திருந்தான். அவன் ஓட்டைத் தரையில் இறக்கினான். சுடர் இறங்கி, முதல் தூரைச் சுற்றி ஒருமுறை வந்து, தின்ன ஆரம்பித்தது. கோழியானது, ஆடானது, கன்றானது, பிறகு ஒரு மந்தையே ஆகி மேடு முழுக்கப் பரவி, முழங்காலுக்கு மேலே எழாமல், அவசரமில்லாமல், தலையைக் குனிந்தபடி மேய்ந்துகொண்டே ஏறியது. சன்னாசி கிளையைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டின்மேல் நின்றிருந்தான். அது அவன் கால் வரைக்கும் வந்து, நின்று, திரும்பிப் போனது. அவன் கிளையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தம்பி செத்த அன்றைக்கு அழாத அழுகையை அப்போது அழுதான். உச்சியை அடைந்ததும் நெருப்பு ஒரு கணம் வானத்தை ஒட்டி நின்றது. பிறகு அங்கே எதுவும் இல்லை.

சித்திரை மழை நன்றாகப் பெய்தது. கரிமேடு பச்சை கட்டியதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தெருவில் ஓடிச் சொன்னார்கள். கோசலையும் சன்னாசியும் ஏறினார்கள். கிட்டப் போகப் போகக் கோசலையின் நடை குறைந்தது. தூர்களிலிருந்து புல் வந்திருந்தது, உண்மைதான், விரல் நீளத்துக்கு வந்திருந்தது. அதைச் சுற்றியும், அதன் நடுவிலும், வரப்பிலும், நடந்த தடத்திலும், கால் வைக்க இடமில்லாமல், தலைமயிர்போல நெருக்கமாக, பொடி இலைகளோடு சீகை முளைத்திருந்தது.

சன்னாசி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தான். பிடுங்கிய குழியில் இன்னும் மூன்று நின்றன.

ஊர் முழுக்க வந்தது. முதல் மாதம் பிள்ளைகள்கூடப் பிடுங்கினார்கள். ஒரு மூலையை முடித்துவிட்டு மறுமூலைக்குப் போவதற்குள் முதல் மூலை கணுக்கால் உயரத்துக்கு வந்திருக்கும். எஸ்தர் டவுனிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தாள், ஒருமுறைகூட "சொன்னேனே" என்று சொல்லவில்லை, அது கோசலைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு பூண்டு நடவு வந்தது. பிறகு மழை வலுத்தது. அடுத்த வருஷம் பாதிப்பேர் வந்தார்கள், அதற்கடுத்த வருஷம் அதிலும் பாதி. சீகை இடுப்பளவு வந்தபோது புல் வெளுத்தது, தோளளவு வந்தபோது மக்கியது. ஓடை கசிவாகி, ஈரமாகி, சருகானது. லாரி மறுபடி வந்தது. தண்ணீரில்லாத பூண்டுக் காட்டை விட்டுவிட்டு ஆட்கள் விடுதிகளில் வேலைக்குப் போனார்கள், சில வீடுகள் பூட்டிக்கொண்டன. நெருப்பும் வரவில்லை. மாசியில் பஸ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

கோசலை மட்டும் மேட்டின் ஒரு மூலையில், ஒரு வீட்டளவு இடத்தை விடாமல் காத்துவந்தாள். அது ஓர் அறையளவு ஆனது. பிறகு ஒரு பாய் விரிக்கும் அளவு ஆனது. சுற்றிலும் மரம் நின்றதால் அந்தப் பாயளவு இடத்திலும் வெயில் விழவில்லை. ஒரு மத்தியானம் கைமண்ணைத் தட்டிவிட்டு இறங்கி வந்தவள் மறுநாள் போகவில்லை. சன்னாசி அவளுடைய அரிவாளை எடுத்துத் துடைத்துக் கூரை எரவாணத்தில் செருகினான்.

சீகை பூக்கிற பருவத்தில் மலை முழுக்க மஞ்சளாகிவிடும். அதைப் பார்க்க இப்போது வேன்கள் வருகின்றன. போன மாதம் ஒரு குடும்பம் கோசலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நரிமேடு பின்னால் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லி அவளிடம் போனைக் கொடுத்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எவ்வளவு அடர்த்தியான காடு" என்றாள் அந்தக் குடும்பத்துப் பெண், மலையை அண்ணாந்து பார்த்தபடி. "இதெல்லாம் தானா வந்ததா, இல்ல யாராவது நட்டு வளர்த்தாங்களாம்மா?"

கோசலை போனை நேராகப் பிடித்தாள். எல்லோரும் கட்டத்துக்குள் வருகிற வரைக்கும் பின்னால் நகர்ந்தாள்.

"நாங்கதாங்க வளத்தோம்" என்றாள்.